புள்ளி வைத்த கோப்பு

எங்கள் குடும்பத்தில் யார் செத்தாலும் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். ஐயருக்குக்கூடப் பிறகுதான் சொல்வார்கள். இதற்குக் காரணம் என்மேல் உள்ள பாசம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மரண அறிவித்தல் எழுத வேறு ஆளில்லை, அவ்வளவுதான். எழுதத் தெரிந்த மற்றவர்கள் எல்லாரும் கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். நான் நயினாதீவிலேயே தங்கிவிட்டவள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கட்டுரைப் போட்டியில் முதலாவதாக வேறு வந்து தொலைத்தேன். இந்த இரண்டு குற்றங்களுக்கும் சேர்த்துத்தான் தண்டனை.

மரண அறிவித்தலை நாங்கள் நோட்டீஸ் என்போம். அது எழுதுவதற்குச் சுலபமான சாமான் என்று நினைப்பவர்கள் எழுதிப் பார்க்க வேண்டும். இன்ன வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர், காலஞ்சென்ற இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னின்னாரின் தந்தை, மாமனார், சகோதரர், மைத்துனர், பேரன், பூட்டன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் நாடு. ஊரில் இருப்பவர்களுக்கு அடைப்புக்குறி கிடையாது. கண்ணீர் காயுமுன் ஒருவர் லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்து, தான் இப்போது ஜேர்மனி இல்லை, லண்டன் என்று திருத்தம் சொல்வார். பெற்ற தாய் வீட்டில் கிடக்கிறார், இவருக்கு அடைப்புக்குறி.

எனக்கும் இதில் ஒரு சின்னப் பெருமை இருந்ததை ஒளிக்கத் தேவையில்லை. எல்லாரும் "பாசமிகு தந்தை", "அன்புத் தாயார்" என்று எழுத, நான் மட்டும் "வாஞ்சைமிகு" என்று எழுதுவேன். அந்தச் சொல்லை எட்டாம் வகுப்பில் என் மச்சாளும் நானும் எங்கோ கண்டுபிடித்தோம். மாமாவின் கடைசி மகள் அவள். ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். ஒரு தவணை முழுக்கக் கட்டுரை, கடிதம், விடுமுறை விண்ணப்பம் என்று எல்லாவற்றிலும் அதைப் போட்டுத் தள்ளினோம். "வாஞ்சைமிகு அதிபர் அவர்கட்கு" என்று எழுதி ஆசிரியையிடம் வாங்கிக் கட்டியதும் ஞாபகம் இருக்கிறது. அவள் அதை அத்தோடு விட்டுவிட்டாள். எனக்கு அது தொழிலாகிவிட்டது. தீவுப்பகுதிச் சுவர்களில் அந்தச் சொல் ஒட்டியிருந்தால், எழுதியது நானாகத்தான் இருக்கும்.

மச்சாளைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். இருபது வருடங்களுக்கு முன் அவள் மண்டைதீவுப் பொடியன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். அவன் சிலுவை போட்ட வேதக்காரன், கடலுக்குப் போகிறவன். இரண்டில் ஒன்றாயிருந்தால் அழுது தீர்த்திருப்பார்கள். இரண்டும் என்றபடியால் பேச்சே நின்றுவிட்டது. வீட்டில் சண்டை நடக்கவில்லை, சாபம் போடவில்லை. அவளைப் பற்றிக் கதைக்காமல் விட்டார்கள். மாமாவுக்கு மூன்று பிள்ளைகள் என்று ஊரும் எண்ணப் பழகிவிட்டது. மூத்தவர் கனடா, அடுத்தவர் லண்டன், பிறகு ஒரு பெண், சுவிஸ். நாலாவது ஆள் எல்லாரிலும் கிட்டத்தான் இருந்தாள். படகும் பஸ்ஸும் ஒத்துழைத்தால் ஒரு காலைக்குள் போய்வரலாம். அதனால்தானோ என்னவோ ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் மாமி இறந்தபோது, கனடாவில் இருக்கும் பெரியத்தான் எடுத்தார். "பிள்ளை, நோட்டீசிலை பிள்ளையள் மூண்டு பேர். விளங்குதுதானே?" என்றார். "ஓம் அத்தான்," என்றேன். கொப்பியில் கிழித்த ஒற்றையில் கையால் எழுதி, படம் பிடித்து, யாழ்ப்பாணத்து அச்சகத்துக்கு அனுப்பினேன். மூவரின் வாஞ்சைமிகு தாயார். பேனை எங்கும் நிற்கவில்லை. எழுதி முடித்துத் தேத்தண்ணியும் குடித்தேன்.

இனி ஷெல் ஸ்கிரிப்ட் என்று ஒன்று என் கைக்கு வந்த கதைக்கு வருகிறேன்.

நான் வேலை செய்யும் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. சேர்வர்களைப் பராமரிக்கும் உத்தியோகத்தர் ஒருவரை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பவும் என்று இருந்தது. எங்களிடம் சேர்வர் கிடையாது. மின்விசிறிகூட ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சுற்றும். ஆனால் வந்த கடிதத்துக்கு ஆள் அனுப்பாமல் விடுவது பெருங்குற்றம். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். "நீர் போயிட்டு வாரும். உமக்குத்தானே வைஃபை பாஸ்வேர்ட் தெரியும்," என்றார். அந்தத் தகைமையோடு நான் போனேன்.

மூன்று நாளும் காலையில் படகு, குறிகட்டுவானில் பஸ், பிறகு யாழ்ப்பாணம். பயிற்சி நடந்த மண்டபத்தில் குளிரூட்டி வேலை செய்தது. அதற்காகவே பலர் வந்திருந்தார்கள். கற்பித்தவர் தன் முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து வாசித்தார். ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் "இது சரியான சுகம்" என்றார், அவ்வளவு சுலபமாம். சின்னத்தான் லண்டனிலிருந்து கழித்து அனுப்பிய மடிக்கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுத் தந்தவர் இந்தக் கற்பித்தவர்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் வேறொன்றுமில்லை. கணினி செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதி வைக்கும் ஒரு சீட்டு. ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு சீட்டின் பெயரைச் சொன்னால் போதும், எல்லாவற்றையும் அது தானாகச் செய்யும். இதைக் கேட்டதும் பக்கத்தில் இருந்தவர் சம்பளப் பட்டியலை நினைத்தார். எனக்கு நோட்டீஸ்தான் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் நாள் அவர் ஒரு விஷயம் சொன்னார். ஒரு கோப்பின் பெயருக்கு முன்னால் புள்ளி ஒன்றை வைத்துவிட்டால் அது மறைந்துவிடும். அழிந்துபோகாது, அதே இடத்தில் அப்படியே இருக்கும். பட்டியல் கேட்டால் வராது. "இந்த ஃபோல்டருக்குள் உள்ள எல்லாரும் வாருங்கள்" என்று கூப்பிட்டாலும் அது மட்டும் எழும்பாது. மண்டபத்தில் இருந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியமே வரவில்லை. எங்கள் வீட்டில் இருபது வருடமாக இதைப் புள்ளிகூட இல்லாமல் செய்து வருகிறோம்.

அன்று திரும்பும்போது மண்டைதீவுச் சந்தியில் பஸ் நின்றது. மச்சாள் குடையோடு நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். வேறு பஸ்ஸுக்கு நின்றாள் போல, ஏறவில்லை. அவள் தலையை நிமிர்த்துவதற்குள் நான் பயிற்சிக் கையேட்டைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். கையேடு தலைகீழாக இருந்தது வேலணை தாண்டித்தான் தெரிந்தது. என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை, மூன்றாம் நாளும் அதே சந்தியைத் தாண்டிப் போனேன்.

சான்றிதழ் தந்தார்கள். அலுவலகத்தில் அதை ஃபைலில் போட்டுக் கட்டிவிட்டு, படிவங்களை வழமைபோலக் கையால் நிரப்பச் சொன்னார்கள். எனவே கற்றதை வீட்டில் பயன்படுத்தினேன். ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆளுக்கொரு கோப்பு: முதல் வரியில் பெயர், அடுத்ததில் இருக்கும் இடம், அடுத்ததில் கணவன் அல்லது மனைவி, கடைசியில் உயிரோடு இருக்கிறாரா இல்லையா. இனி யார் செத்தாலும் ஒரு கட்டளை, நோட்டீஸ் தயார். குரூரமான யோசனைதான். ஆனால் வருடத்துக்கு நாலைந்து எழுதுகிறவளுக்குக் குரூரம் பழகிவிடும்.

முதலில் ஸ்கிரிப்டில், பெயர் = இன்னார் என்று, சமன் குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு எழுதினேன். பள்ளிக்கூடத்தில் கணக்கை அப்படித்தான் செய்யச் சொல்லித் தந்தார்கள். கணினி, அப்படியொரு கட்டளையே இல்லை என்றது. இரண்டு நாள் அதே பதில். இடைவெளியை எடுத்ததும் வாயை மூடியது. பிறகு நிபந்தனை போடும் சதுர அடைப்புக்குறிக்குள் இடைவெளி விடாமல் எழுதினேன். அங்கே இடைவெளி கட்டாயம் வேண்டுமாம். மாமியார் குணம்.

அடுத்தது, கோப்புகளுக்குப் பெயர் வைத்த விதம். பெரிய சித்தி, சின்னச் சித்தி, கொழும்புச் சித்தப்பா என்று வாயில் வருகிற மாதிரியே இடம் விட்டு எழுதினேன். முறை சொல்லாமல் மூத்தவர்களுக்குப் பெயர் வைக்க எனக்குக் கை வராது. ஷெல்லுக்கு இடைவெளி கண்டால் ஆகாது. இடைவெளி இருந்தால் இரண்டு பேர் என்று எடுத்துவிடும். பெரிய என்று ஒருவர், சித்தி என்று ஒருவர், கொழும்பு என்று ஒருவர் என எங்கள் குடும்பம் ஒரே நிமிடத்தில் இரண்டு மடங்கானது. மேற்கோள் குறி போட்டால் சரிவரும் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்தில் போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

பெரிய பிழை அதற்குப் பிறகுதான் வந்தது. உயிரோடிருப்பவருக்கு 0, இறந்தவருக்கு 1 என்று குறித்திருந்தேன். "இந்த வரியில் உள்ளது உண்மையென்றால், பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று சேர்" என்பது கட்டளை. பூச்சியம் என்றால் இல்லை என்றுதானே பொருள்? ஷெல்லுக்கு அப்படியில்லை. எதையாவது எழுதி வைத்திருந்தாலே அதற்கு உண்மைதான், பூச்சியமாயிருந்தாலும் சரி. ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். காலஞ்சென்ற பெரியத்தான், காலஞ்சென்ற சின்னத்தான், காலஞ்சென்ற நான். கனடா, லண்டன், சுவிஸ் எல்லாம் ஒரே அடியில் துடைத்தெறியப்பட்டு, அடைப்புக்குறிகள் மட்டும் பத்திரமாக நின்றன. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. "ஒன்றாயிருந்தால் மட்டும்" என்று கட்டளையைத் திருத்தியதும் எல்லாரும் உயிர்த்தெழுந்தார்கள். அந்த வாரம் முழுக்கப் பெரியத்தானோடு தொலைபேசியில் பேசும்போது கொஞ்சம் கூடுதல் பணிவாக இருந்தேன்.

மச்சாளுக்கும் ஒரு கோப்பு எழுதினேன். ஏன் என்று தெரியவில்லை. மாமாவின் பிள்ளைகளை வரிசையாக அடித்துக்கொண்டு போகும்போது நாலாவதும் கையில் வந்துவிட்டது. பெயர், மண்டைதீவு, கணவன் பெயர், பூச்சியம். எழுதியதை அழிக்க மனம் வரவில்லை. நோட்டீசில் வரவிடவும் துணிவில்லை. பயிற்சியில் கற்றது உதவிக்கு வந்தது: பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தேன். அதற்குப் பிறகு எத்தனை முறை ஓடவிட்டாலும் மூன்று பிள்ளைகள்தான் வந்தார்கள். அன்றைக்குத்தான் ஸ்கிரிப்ட் எங்கள் குடும்பத்துக்கு ஏற்றதாகிவிட்டது என்று எழுதுவதை நிறுத்தினேன்.

மாமா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனார். கடைசி மாதங்களில் நான்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கடைசி மகளைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. நான் ஒரு சொல் சொன்னதும் இல்லை. அவ்வளவு மரியாதையான குடும்பம்.

பெரியத்தான் விமான நிலையத்திலிருந்து எடுத்தார். "பிள்ளை, வியாழன் பின்னேரம் எடுப்பம். நான் அதுக்கிடையிலை வந்திடுவன். நோட்டீசை அடிக்கக் குடும். பிள்ளையள்..." என்று இழுத்தார்.

"தெரியும் அத்தான்," என்றேன்.

"அம்மாவின்ரை மாதிரியே எழுதிவிடும். நல்லா இருந்தது எண்டு இஞ்சை எல்லாரும் சொன்னவை."

அந்தப் பாராட்டுத்தான் என்னைக் குத்தியது. நல்லா இருந்ததாம். மடிக்கணினியைத் திறந்தேன். மாமாவின் கோப்பில் பூச்சியத்தை ஒன்றாக்கினேன். பிறகு mv என்று அடித்தேன். கோப்பின் பெயரை மாற்றும் கட்டளை அது. புள்ளியோடு அவள் பெயர், இடைவெளி, புள்ளியில்லாமல் அவள் பெயர். விசையை அழுத்தினேன். ஷெல் ஒன்றும் சொல்லவில்லை. வேலை சரியாக நடந்தால் அது பேசாது; இந்த ஒரு குணத்துக்காகவே அதை எனக்குப் பிடிக்கும்.

ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். கனடா, லண்டன், சுவிஸ், மண்டைதீவு. நாலும் அடைப்புக்குறிக்குள், ஒரே அளவு எழுத்தில். ஊரில் இருப்பவர்களுக்கு அடைப்புக்குறி கிடையாது என்பதை ஸ்கிரிப்டுக்குச் சொல்லிக் கொடுக்க மறந்திருந்தேன். மருமக்கள் வரியில் மச்சாளின் கணவன் பெயரும், அந்தோனியாரைக் கூப்பிடுகிற மாதிரி, கணீரென்று வந்திருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. இருக்கட்டும் என்று அச்சகத்துக்கு அனுப்பினேன். பெரியத்தானுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன், அவர் வானத்தில் இருக்கும் நேரம் பார்த்து.

புதன்கிழமை காலைக்குள் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து குறிகட்டுவான் வரை ஒட்டிவிட்டார்கள். மண்டைதீவுச் சந்தியிலும் ஒட்டச் சொல்லி, ஒட்டுகிறவரிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன்.

வியாழன் காலை பெரியத்தான் இறங்குதுறையில் நின்று எடுத்தார். பின்னால் படகு எஞ்சின் சத்தம் கேட்டது. "பிள்ளை, இதென்ன இது?"

"எது அத்தான்?"

"நாலு பேர் கிடக்கு! அவன்ரை பேருமெல்லே கிடக்கு!"

"அப்பிடியோ? உது கொம்பியூட்டர் செய்யிற வேலை அத்தான். ஃபோல்டருக்கை கிடக்கிற எல்லாரையும் அது எடுத்திடும்." ஒரு சொல்லும் பொய்யில்லை.

"திருத்தேலாதோ?"

"ஏலாது. ஒட்டியாச்செல்லே."

"கொம்பியூட்டர் பிழை எண்டு சொல்லுவம்," என்றார். குரலில் கோபத்தைவிட ஒரு நிம்மதி இருந்த மாதிரி எனக்குப் பட்டது. நான் அப்படி நினைக்க விரும்பினேனோ தெரியாது.

வீட்டுக்கு வந்தவர் வாசலில் நின்று, வந்த ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கொம்பியூட்டரை விசாரித்தார்கள். வைரஸ் என்றார் ஒரு ஓய்வுபெற்ற அதிபர். இப்போதெல்லாம் வங்கியிலேயே இப்படி நடக்கிறது என்றார் இன்னொருவர். இருபது வருடமாக மனிதர் எவராலும் போட முடியாத பெயரை ஒரு யந்திரம் போட்டுவிட்டதில் ஊருக்கு ஒரு சங்கடமும் இல்லை. யந்திரத்துக்குச் சாதி தெரியாது, பாவம், அதை மன்னித்துவிட்டார்கள்.

பதினொரு மணிப் படகில் மச்சாள் வந்தாள். கணவன் படலைக் கதவுக்கு வெளியே நின்றான். பெரியத்தான் அவளைப் பார்த்தார், பிறகு மதிலில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்தார். அச்சில் பெயர் வந்த ஆளை வாசலில் மறிக்கும் துணிவு எங்கள் ஊரில் எவருக்கும் கிடையாது. அவர் விலகி நின்றார். அவள் உள்ளே போய் மாமாவின் காலடியில் இருந்தாள். சத்தமாக அழவில்லை. பின்னேரம் எடுக்கும்வரை அங்கேயே இருந்தாள்.

ஆண்கள் சுடலைக்குப் போனபின் பெண்கள் வீடு கழுவினோம். கழுவி முடித்து நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் வந்து அலுமாரியோடு சாய்ந்து நின்றாள். இருபது வருடத்துக்குப் பிறகு, சீனி எவ்வளவு என்று கேட்டேன்.

"எல்லாரும் கொம்பியூட்டர் பிழை எண்டினம்," என்றாள்.

நான் சிரிக்கப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுவோம், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். புள்ளியைப் பற்றியும், அதை நான் எடுத்ததைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். என் கெட்டித்தனத்தை யாரிடமாவது சொல்ல வேண்டுமென்று இரண்டு நாளாகத் துடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அவள் கேட்டாள். "அப்ப அம்மான்ரை நோட்டீஸ்?"

கையிலிருந்த கேத்திலை வைத்தேன்.

"அதுவும் சந்தியிலைதான் ஒட்டியிருந்தது. சந்தைக்குப் போகேக்கை கண்டனான். அம்மா செத்தது அதைப் பாத்துத்தான் எனக்குத் தெரியும். என்ரை பேர் எங்கையெண்டு மூண்டு தரம் வாசிச்சனான். வாஞ்சைமிகு தாயார் எண்டு கிடந்தது," என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "அந்தச் சொல்லைக் கண்டவுடனை, எழுதினது நீயெண்டு தெரிஞ்சிட்டுது. அதுதான் வரேல்லை."

முற்றத்தில் யாரோ வாளியை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது. கொம்பியூட்டர் என்று சொல்ல முடியாது; அப்போது என்னிடம் கொம்பியூட்டர் இருக்கவில்லை. அத்தான் சொன்னவர் என்று சொல்லலாம், சொன்னவர்தான். ஆனால் எழுதும்போது அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

"ஓம்," என்றேன். "அது நான்தான் எழுதினனான். கையாலை."

அவள் தலையாட்டினாள். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு, இன்னும் படலையிலேயே நின்ற கணவனுக்குக் கொடுக்கப் போனாள்.